கடைசி வாரக் காய்ச்சல்

— இன்னொரு தடவை கேக்குறேன், வஷ்டி. சக்கரம் எங்க தொட்டுச்சு?

— பள்ளிக்கூடத்துக்கு நேரா, கேப்டன்.

— எங்க தொட்டிருக்கணும்?

— கீழ. பாதை முனையில நட்டிருக்குற வெள்ளை டயர் பக்கத்துல.

— ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு?

— பாதி ஓடுபாதை.

— இந்த ஊருக்கு இருக்குறதே ஒரு மலைச்சரிவு. அதுலயும் பாதியைச் சேமிச்சு வெச்சுட்டு மீதியில இறங்கியிருக்கே. விமானம் நின்னது எங்க?

— சர்ச் வேலிக்கு முன்னாடி. நீங்கதான் இறங்கிப் போய் எட்டு வெச்சு அளந்தீங்களே.

— நீ சொல்லு.

— பதினோரு எட்டு.

— என் காலுக்கு. உன் காலுக்குப் பதிமூணு வரும். வேலிக்கு அந்தப் பக்கம் ஃபாதர் வாழை போட்டிருக்காரு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா குலையோட டவுன்ல ஓகில் ஏர்போர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்போம்.

— காத்து பின்னாலேருந்து தள்ளுச்சு.

— காத்துப்பை நனைஞ்ச காலுறை மாதிரி தொங்கிட்டு இருந்துச்சு, இப்பவும் தொங்குது. பொய் சொல்றதா இருந்தா அண்ணாந்து ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லு, பொண்ணே.

— சரி. உயரமா வந்துட்டேன்.

— ஏன்?

— கணக்குத் தப்பிருச்சு.

— மூணு வருஷமா இந்த காரவன் விமானத்துல என் பக்கத்துல ஒக்காந்திருக்கே. இந்தக் கரிமாபோவுல மட்டும் எத்தனை தடவை உன் கையால இறக்கியிருப்பே?

— நாப்பது இருக்கும்.

— நாப்பது தடவையும் டயர்கிட்ட கோழிக்குஞ்சை விடுற மாதிரி விட்டே. இன்னைக்கு நான் மடியில பேப்பர் வெச்சுக்கிட்டுப் பரீட்சை வெக்கும்போது மட்டும் கணக்குத் தப்பிருச்சு. இன்னைக்கு என்ன கிழமை?

— செவ்வாய்.

— வெள்ளிக்கிழமை என்ன விசேஷம்?

— உங்களுக்கே தெரியும்.

— உன் வாயால கேக்கணும்.

— வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணியோட என் மூணு வருஷ ஒப்பந்தப் பாண்டு முடியுது.

— ஆங். இப்ப ஊருக்கு வந்து சேர்ந்தோம். காத்தும் இல்ல, கணக்கும் இல்ல. இந்த வியாதிக்கு நம்ம கம்பெனியில ஒரு பேரு இருக்குல்ல?

— கடைசி வாரக் காய்ச்சல்.

— அதேதான். செல்மன்னு ஒருத்தன் இருந்தான், நீ வர்றதுக்கு முன்னாடி. மூணு வருஷம் பிசகே கெடையாது. கடைசி வாரம் பரீட்சை போட்டாங்க, சக்கரத்துக்குக் கட்டை வெச்சிருக்கிறதை மறந்துட்டு எஞ்சினை முறுக்குறான். பொலார்டுன்னு இன்னொருத்தன் என்ன பண்ணான் தெரியுமா? மஹ்தியா ஊருக்குப் போறதுக்குப் பதிலா வேற பக்கம் திரும்பி, 'ஆறு இடம் மாறிப்போச்சு கேப்டன்'னான். எஸ்ஸெக்விபோ ஆறு இடம் மாறிப்போச்சாம்.

— நான் அந்த மாதிரி சிரிப்புக் காட்டல.

— இல்ல. நீ பயம் காட்டினே. இக்னேஷியஸ், ரேடியோவையும் தராசையும் விட்டுட்டு என்ன அங்கேயே நிக்கிறே?

— ஓகில்லேருந்து ரேடியோவுல கேக்குறாங்க, கேப்டன் அடோனிஸ். எப்பக் கிளம்புவீங்கன்னு.

— மலையைப் பாத்தியா?

— பாத்தேன். மேகத் தொப்பி போட்டிருக்கு.

— அது தொப்பியைக் கழட்டினதும் கிளம்புவோம்னு சொல்லு.

— ஒரு மணி நேரம் ஆகும். காலையில தும்பி தாழப் பறந்துச்சு. ஆளுங்களைத் தராசுல ஏத்தட்டுமா? எட்டுப் பேர் இருக்காங்க.

— ஏத்து. மூட்டையைக் கையில வெச்சுக்கிட்டு ஏறச் சொல்லு. போன வாரம் ஒரு பெரியவர் பாவாடை மாதிரி ஏதோ கட்டிக்கிட்டு உள்ள ஒரு ஆமையை வெச்சிருந்தாரு.

— அது என் மாமனார், கேப்டன்.

— அப்ப இன்னும் நல்லாப் பாரு.

— வஷ்டிப் பொண்ணு, உனக்குக் கசாவாக் கிழங்கு ரொட்டி கொண்டாரட்டுமா? என் சம்சாரம் பெப்பர்பாட் கறிக்குழம்பு வெச்சிருக்கா. நேத்து வெச்சது, இன்னைக்குத்தான் ருசி.

— வேணாம் இக்னேஷியஸ் அண்ணே. தலை வலிக்குது.

— இருக்காதா பின்ன. எனக்குக் கொண்டா. இவ இறக்கின இறக்குல காலையில தின்னதெல்லாம் செரிச்சுப்போச்சு... சரி, அவன் போயிட்டான். இப்ப சொல்லு. வேணும்னுதானே பண்ணே?

— கேப்டன், நான் இந்தப் பரீட்சையைக் கேட்டேனா?

— நான் கேட்டதுக்கு அது பதில் இல்ல.

— நேத்து காலையில வர்றேன், பலகையில என் பேரு. 'மலை ஓடுபாதைப் பரீட்சை, வ. மூன்சாமி, செவ்வாய்.' மூணு வருஷமா 'எனக்கு மலைக்குத் தனியாப் போக அனுமதி குடுங்க'ன்னு கெஞ்சினேன். 'பாக்கலாம் பாக்கலாம்'னாரு ஜக்மோகன். நாலு நாள் இருக்கும்போது அவருக்கு என் மேல பாசம் பொங்குது.

— முதலாளிங்க பாசம் எப்பவும் நாள் பாத்துத்தான் பொங்கும்.

— பாண்டுல பதினாலாவது பிரிவை நான் தூக்கத்துல கூட சொல்லுவேன். 'கம்பெனி செலவில் மேற்கொண்டு எந்தப் பயிற்சி பெற்றுத் தேறினாலும், தேறிய தேதியிலிருந்து மேலும் இரண்டு ஆண்டுகள்.' தேறினா ரெண்டு வருஷம். பரீட்சைக்கே வரமாட்டேன்னா வேலையை மறுத்ததாக் கணக்கு, பயிற்சிச் செலவு மொத்தத்தையும் அன்னைக்கே கீழ வெக்கணும். வெக்க முடியலன்னா அப்பா ஜாமீனா வெச்ச வீட்டுப் பத்திரம் ஜக்மோகன் பெட்டியிலயே இருக்கும். பெர்பீஸ் பக்கம் போர்ட் மூரன்ட்ல எங்கப்பா தினம் காலையில வாசல்ல நின்னு கூரையைப் பாக்குறாரு. யாரோ தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு.

— பார்படோஸ் விமானக் கம்பெனிக்காரங்க எப்ப வரச் சொன்னாங்க?

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அவங்க எனக்குத்தான் போன் போட்டாங்க. 'உங்க பொண்ணு எப்படி?'ன்னு. நல்லாத்தான் சொல்லியிருக்கேன், பயப்படாதே. எப்ப?

— திங்கக்கிழமை வகுப்பு. ஜெட்.

— ஜெட். அங்க பெப்பர்பாட் கெடைக்காது, பறக்குற மீனைத்தான் திங்கணும். சரி, தேறினா ரெண்டு வருஷம். தேறலன்னா?

— தேறலன்னா வெள்ளிக்கிழமை பத்திரம் கைக்கு வந்துரும். ஆனா தேறாதவன்னு பேரும் கூடவே வரும். கடைசிப் பரீட்சைப் பேப்பர் இல்லாம பார்படோஸ்ல சேக்க மாட்டாங்க. அதுல 'தேறவில்லை'ன்னு இருந்தா வரிசையில கடைசிக்குப் போகணும்.

— ஆக, முன்னால போனா கடிக்குது, பின்னால போனா உதைக்குது.

— ஆமா.

— இன்னொரு வழி இருக்கு, தெரியுமா? டாக்டர். 'இந்த உடம்பு பறக்க லாயக்கில்ல'ன்னு டாக்டர் எழுதினா பாண்டு ரத்து. ஒரு காசு கேக்க மாட்டாங்க. நம்ம பைலட் சீலின்னு ஒருத்தன் அப்படித்தான் போனான். காது போச்சு. ஜக்மோகன் அவன் கையைக் குலுக்கி, கேக் வெட்டி அனுப்பி வெச்சாரு.

— இப்ப என்ன பண்றாரு?

— ஜார்ஜ்டவுன்ல மினிபஸ் ஓட்டுறான். ஸ்டாப்ரோக் மார்க்கெட்லேருந்து டெமராரா பாலம் வரைக்கும். வானத்துல விமானம் போனா நிமிர்ந்து பாக்க மாட்டேங்குறான். ஒரு நாள் அவன் வண்டியில போனேன். நம்ம காரவன் மேல போகுது, எல்லாரும் பாக்குறாங்க, அவன் மட்டும் ரேடியோ சத்தத்தைக் கூட்டி வெக்கிறான்.

— கேப்டன், வேற ஏதாவது பேசுங்களேன்.

— வேற பேச்சா? சரி, உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். அந்தப் பதினாலாவது பிரிவு யாரு மூளையில உதிச்சது தெரியுமா?

— வக்கீல்.

— இல்ல. நான்.

— நீங்களா?

— பன்னெண்டு வருஷம் ஆச்சு. ஒரு பையனுக்கு மலை ஓடுபாதை எல்லாம் ஒவ்வொண்ணாக் காட்டிக் குடுத்தேன், நாலு மாசம். தேறின பதிமூணாவது நாள் போயிட்டான். எனக்குக் கோவம். ஜக்மோகன்கிட்டப் போய், 'கத்துக்கிட்டவன் கொஞ்ச நாளாவது இருக்கணும்னு எழுதுங்க'ன்னேன். நான் நெனைச்சது ஆறு மாசம். அவரு ரெண்டு வருஷம்னு எழுதினாரு. அதுக்கு அடுத்த வருஷம் எனக்கே பரிசோதகர் பயிற்சி குடுத்தாங்க. கையெழுத்துப் போட்டேன். அப்புறம் புது எஞ்சின் வந்துச்சு, அதுக்கொரு பயிற்சி. அப்புறம் புது ரேடியோ. நான் கட்டின கூண்டுல நானே முட்டை போட்டுக்கிட்டு இருக்கேன்.

— நீங்க போகணும்னு நெனைச்சீங்களா?

— ஒரு தடவை. பனாமாவுக்கு. அதை விடு. என் கதைக்கு இப்ப யாரும் பரீட்சை வெக்கல. இந்தப் பேப்பரைப் பாரு. கீழ மூணு கட்டம் இருக்கு. படி.

— நீங்களே படிங்க.

— ஒண்ணு, தேறினார். ரெண்டு, தேறவில்லை. மூணு, நிறைவு பெறவில்லை. இந்தப் பரீட்சைக்கு மூணு ஊர்ல இறங்கணும். ஒரு ஊர்லதான் இறங்கினோம். மலை தொப்பி போட்டுருச்சு. 'வானிலை காரணமாக நிறைவு பெறவில்லை'ன்னு நான் எழுதினா அது பொய் இல்ல. தேறவும் இல்ல, தவறவும் இல்ல. வெள்ளிக்கிழமை பத்திரம், திங்கக்கிழமை பார்படோஸ்.

— அப்படி எழுதுவீங்களா?

— எழுதுவேன். நீ உண்மையைச் சொன்னா.

— என்ன உண்மை?

— வேணும்னு பண்ணேன்னு.

— சொல்லலன்னா?

— ரெண்டாவது கட்டம்.

— இது தலைகீழா இருக்கே, கேப்டன். வேணும்னு பண்ணவளுக்குப் பரிசு, தெரியாமப் பண்ணவளுக்குத் தண்டனையா?

— தலைகீழ் எல்லாம் இல்ல. நேராத்தான் இருக்கு, யோசிச்சுப் பாரு. வேணும்னு பண்ணவளுக்கு ஓட்டத் தெரியும். அவளைத் திட்டலாம், ரெண்டு அறை அறையலாம், ஆனா நம்பி ஜெட்டைக் குடுக்கலாம். தெரியாமப் பண்ணவளை நான் வானத்துல விட முடியாது. வஷ்டி, பத்து வருஷமா நான் பாத்ததை மட்டும்தான் எழுதியிருக்கேன். என் மச்சானையே தவற வெச்சிருக்கேன், என் பொண்டாட்டி ஒரு கிறிஸ்மஸ் முழுக்க என்கிட்டப் பேசல. அந்த டயரைத் தாண்டினது உன் திமிரா, உன் கையான்னு எனக்குத் தெரியணும்.

— ரெண்டும் இல்லன்னா?

— மூணாவது ஒண்ணு இருக்கா? சொல்லு, கேக்குறேன்.

— அப்படி ஒண்ணும் இல்ல.

— இல்லல்ல?

— இல்ல, கேப்டன்.

— அப்ப சொல்லு.

— வேணும்னுதான் பண்ணேன்.

— சத்தமா.

— வேணும்னுதான் பண்ணேன், கேப்டன்.

— எங்க வெச்சு முடிவு பண்ணே?

— ஆத்து வளைவுல.

— அதானே! வளைவுல விமானத்தோட மூக்கு லேசா மேல போச்சு, நான் கவனிச்சேன். 'என்ன இவ, டயரை விட்டுட்டு வேற எங்கயோ பாக்குறா'ன்னு நெனைச்சேன். கையை வெக்கலாமான்னு பாத்தேன், வெக்கல. உன்னை அவ்வளவு நம்பினேன். உனக்குப் புரியுதா? வளைவைத் தாண்டிட்டா திரும்பப் போக வழி கெடையாது. முன்னால மலை. பதினோரு எட்டு, வஷ்டி. என்னையும் உள்ள வெச்சுக்கிட்டு நீ ஜக்மோகன்கூட மல்லுக்கட்டுறே. எனக்கு வந்த கோவத்துக்கு அந்த வாழைத்தோப்புலயே உன்னை இறக்கிவிட்டுட்டுப் போயிருப்பேன்.

— மன்னிச்சிருங்க.

— மன்னிக்கல. ஆனா மனசு ஆறிருச்சு. நெஜமாச் சொல்றேன். காலையிலேருந்து எனக்கு இதே யோசனை. இவ கை போயிருச்சோ, நான்தான் மூணு வருஷமா எதையோ பாக்காம விட்டுட்டேனோன்னு. பேனாவைக் குடு. 'வானிலை... காரணமாக... நிறைவு பெறவில்லை.' லி. அடோனிஸ். நீ இங்க போடு.

— எங்க?

— இங்க, பொண்ணே. கோட்டு மேல. ஏன் கோட்டை விட்டு ரெண்டு விரல் மேல போடுறே? அவசரமா?

— கொஞ்சம்.

— சந்தோஷத்துல அவசரம் வரும். மினிபஸ்ல ஏற வேண்டியவ ஜெட்டுல ஏறப்போறே. அப்பாவுக்கு எப்பச் சொல்லுவே?

— சாயங்காலம்.

— பத்திரத்தைக் கையில வாங்கிட்டுச் சொல்லு. பெர்பீஸ்காரங்க கண்ணால பாக்காம எதையும் நம்ப மாட்டாங்க. இக்னேஷியஸ், என்னய்யா அங்க ஒரே சிரிப்பு?

— டீச்சரம்மா தராசுல ஏற மாட்டேங்குறாங்க, கேப்டன். எடையைச் சத்தம் போட்டுச் சொல்லக் கூடாதாம்.

— காதுல சொல்லு.

— காதுலதான் சொன்னேன். அவங்க 'பொய்'னு ஊருக்கே கேக்குற மாதிரி கத்திட்டாங்க. நூத்தி தொண்ணூத்தி மூணு பவுண்டு. இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

— மத்தவங்க?

— ரெண்டு சுரங்கத்து ஆளுங்க. ஒரு கெழவரு, பல்லு வலி. ரெண்டு பள்ளிக்கூடப் பிள்ளைங்க, டவுனுக்குப் பரிசு வாங்கப் போகுதுங்க. அப்புறம் மிரெய்லா, கைக்குழந்தையோட. ஆஸ்பத்திரிக்கு. குழந்தையைத் தனியாத் தராசுல வெச்சேன், முள்ளு அசையவே இல்ல.

— தனியா எதுக்குய்யா வெச்சே?

— எட்டுன்னா எட்டு எடை எழுதணும்ல, கேப்டன். மலையைப் பாருங்க. தொப்பியைக் கழட்டுது.

— அட, ஆமா. ஒரு மணி நேரம்னே?

— தும்பி எப்பவாவது பொய் சொல்லும்.

— ஏத்து எல்லாரையும். டீச்சரம்மாவை நடுவுல போடு. மிரெய்லாவை முன் வரிசையில, வஷ்டிக்குப் பின்னால. வஷ்டி, எந்திரி. இடது சீட்டுல ஏறு.

— நீங்க ஓட்டுங்க, கேப்டன். நான் வலப்பக்கம் ஒக்காந்துக்கறேன்.

— ஏன்? கையெழுத்து ஆயிருச்சு, இனிமே பரீட்சை இல்ல. மலையிலேருந்து கடைசியாக் கீழ இறங்கப்போறே, உன் கையாலயே இறக்கு. ஓகில் ஓடுபாதை பாய் விரிச்ச மாதிரி கெடக்கும், அங்க காய்ச்சல்காரங்க கூட இறக்கலாம். நான் கையைக் கட்டிக்கிட்டு ஒக்காந்து வேடிக்கை பாக்குறேன்.

— கையைக் கட்டாதீங்க.

— என்னது?

— அந்தக் குழந்தை பொறந்து எத்தனை நாள், இக்னேஷியஸ் அண்ணே?

— பன்னெண்டு நாளு. இன்னும் பேரு வெக்கல.

— கேப்டன், அந்தப் பேப்பரை எடுங்க.

— எதுக்கு? எழுதினது எழுதினதுதான்.

— எடுங்க. ரெண்டாவது கட்டத்துல போடுங்க. போட்டுட்டு ஒரு டாக்டருக்கும் எழுதுங்க.

— உனக்கென்ன பைத்தியமா, பொண்ணே? நீதானே சொன்னே, ஆத்து வளைவுல முடிவு பண்ணேன்னு.

— வளைவுல நான் எதையும் முடிவு பண்ணல, கேப்டன். என் கண்ணுக்கு ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு ஓடுபாதை தெரிஞ்சுது. மேல இருந்ததுல இறக்கினேன்.